பழைய கமிட்டி கணக்குக் கொடுக்கவில்லையா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். ஆறு வருடமாக நலச்சங்கத்தை அதே ஐந்து பேர்தான் நடத்தினார்கள். போன மாதம் சண்டை முற்றி அவர்கள் விலகிவிட, என்னைச் செயலாளராக உட்கார வைத்துவிட்டார்கள். பழைய கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை, கேட்டால் கோபப்படுகிறார்கள். புதிதாகக் கமிட்டிக்கு வரவும் ஆளில்லை. ராஜராஜன், சிவாஜி என்று பெரிய தலைவர்களைப் பற்றி நிறையப் படிப்பவன் நான். என் நிலைமைக்கு வரலாற்றில் ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ராஜராஜனை விட்டுவிடுங்கள். படை நடத்தியவரிடம் லிஃப்ட் பராமரிப்புக்கு யோசனை கேட்டுப் பயனில்லை. அவர் பட்டமேறுவதற்கு 66 ஆண்டுகளுக்கு முன், சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில், உங்கள் தலைவலியை அப்படியே அனுபவித்த ஒரு சபை இருந்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் அது பொறித்துவைத்த குடவோலை விதிகளைப் பாருங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வாரியம் எனப்பட்ட ஊர்க் கமிட்டிகளுக்கு ஆள் எடுக்கும் முறை அது.

மேடைகளில் இதை ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்பார்கள். மிகை. அது பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். சொந்த மனையில் வீடும், கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே ஓலையில் பெயர். உழுதவர்களுக்கு அங்கே இடமில்லை. குடவோலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பேசாத இன்னொன்று அந்தக் கல்வெட்டில் இருக்கிறது: பதவியை விட்டு எப்படி இறங்க வேண்டும் என்கிற விதி. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது 921ஆம் ஆண்டு விதி. அவரோடு நிற்கவில்லை. சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், தகப்பனின் உடன்பிறந்தான், மாமனார், மருமகன் என்று வரிசையாக எல்லோருக்கும் கதவடைப்பு. நம் கண்ணுக்குக் கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சபை நம்பியது கோர்ட்டு வழக்கை அல்ல, கல்யாணப் பந்தியில் உறவுக்காரர்கள் கொடுக்கும் நெருக்கடியை. ஊர்க் கணக்கருக்கும் தனி விதி உண்டு: தன் காலத்துக் கணக்கைத் தானே ஒப்பித்து, குற்றமில்லை என்று ஆன பிறகுதான் மறுபடி அந்த வேலை. இன்னொருவர் அவருக்காகப் புகுந்து முடிக்க முடியாது.

உறவினரை விலக்கும் பகுதி உங்களுக்கு வேண்டாம், வம்பு. ‘கணக்கு ஒப்படைக்காதவர் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது’ என்கிற ஒரு வரியைப் பொதுக்குழுவில் நிறைவேற்றுங்கள். துணைவிதியில் சேர்ப்பதானால் சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். பிறகு எழுத்தில் 30 நாள் கெடு கொடுங்கள். ‘கணக்கு கொடுங்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் சந்தேகப்படுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்; பட்டியலாகக் கேளுங்கள்: வங்கி அறிக்கை, ரசீதுப் புத்தக அடிக்கட்டைகள், வவுச்சர்கள், வைப்புத்தொகைச் சான்றுகள், லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தங்கள், கட்டாத பில்கள், கையிருப்பு ரொக்கம். வவுச்சர் தொலைந்திருந்தால் அதை அப்படியே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். எல்லாம் முழுதாக வந்தால்தான் வாங்குவேன் என்று நின்றால் எதுவுமே வராது.

அடுத்து, ஆள் சேர்ப்பது. அங்கே பதவி 360 நாள்தான். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குப் போகாது. இதை அப்படியே எடுத்தால் உங்களுக்கு உதைக்கும். ஐந்து பேர் கமிட்டி, ஒரு வருடப் பதவி, மூன்று வருட இடைவெளி என்றால் 20 பேர் சுழற்சியில் வேண்டும். ஒரு வருட இடைவெளி வைத்தால் 10 பேர் போதும். 64 வீட்டில் 10 பேர் கிடைப்பார்கள், ஒரு வருடத்தில் விட்டுவிடுவார்கள் என்ற உறுதி இருந்தால். பல பேர் ஒதுங்குவது வேலைக்குப் பயந்து அல்ல, மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாதோ என்றுதான்.

குலுக்கலிலும் ஒரு நுணுக்கம். ஊரின் வார்டுகளான 30 குடும்புகளிலிருந்து குடும்புக்கு ஒருவராக 30 பேர் வருவார்கள். அவர்களில் தோட்ட வாரியம், ஏரி வாரியம் முன்பே பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு. மீதியில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. ஆக, யார் வருவது என்பதைத்தான் குடம் முடிவு செய்தது. யாருக்கு எந்த வேலை என்பதை அனுபவம் முடிவு செய்தது. நீங்களும் பொருளாளரைக் குலுக்கலில் எடுக்காதீர்கள். புதியவருக்குத் தண்ணீர்த் தொட்டி, செடிகொடி, பார்க்கிங். ஒரு சுற்று முடித்தவருக்குச் செக் கையெழுத்து.

குலுக்கும்போது, சம்மதம் எழுதிக் கொடுத்தவர் பெயரை மட்டும் சேருங்கள். ஒரே தாள், ஒரே மடிப்பு. உத்திரமேரூரில் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன்தான் ஓலையை எடுத்தான்; மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கினார், விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று தெரிய. அவர் வாசித்ததை அங்கிருந்த நம்பிமார் (கோயில் பூசாரிகள்) எல்லோரும் மறுபடி வாசித்தார்கள். நீங்களும் சீட்டை எடுப்பவர், வாசிப்பவர், எழுதுபவர் என்று மூன்று பேரை வைத்து, சீட்டுகளை நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

முதல் வருடமே விதி சரியாக அமையாது. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றி, தகுதியின்மைப் பட்டியலையும் நீட்டினார்கள். கல்லில் வெட்டியதையே அவர்கள் திருத்தியபோது, உங்கள் தீர்மானத்தை அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் எடுத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். அதற்குள் உங்கள் சொந்தக் கணக்கை மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தொடங்கிவிடுங்கள். பழையவர்களிடம் கேட்கும்போது பேச்சு சுலபமாகும்.