நான்கு வரி வந்தாலே ஹைட்ராக்சில் ராடிக்கலா?

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கார்பன் நைட்ரைடு ஒளிவினையூக்கியை நீரில் கலந்து, டிஎம்பிஓ (குறுகிய ஆயுளுள்ள ராடிக்கல்களைப் பிடித்து வைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து, தன் ஆய்வகத்தில் நீல எல்இடி விளக்கின் கீழ் வைக்கிறார். பிறகு கரைசலை வேறு கட்டிடத்தில் இருக்கும் இஎஸ்ஆர் கருவிக்கு (இணை சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறுகளை நிறமாலை வரிகளாகக் காட்டுவது) எடுத்துப் போகிறார். 1:2:2:1 உயரத்தில் நான்கு வரிகள் தெளிவாக வருகின்றன. சூப்பர்ஆக்சைடின் (ஓர் எலக்ட்ரானை ஏற்ற ஆக்சிஜன்) அடையாளமே இல்லை. ஹைட்ராக்சில் ராடிக்கல் (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட ஓஎச்) உருவாகிறது என்று கட்டுரையில் எழுதினார். உங்கள் பொருளில் உருவாகும் துளைக்கு (ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறிய காலியிடம்) அவ்வளவு ஆற்றல் ஏது என்று கேட்டு மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது என்ன செய்வது?

மதிப்பீட்டாளர் கேட்டது நியாயம்தான். கார்பன் நைட்ரைடின் இணைதிறன் பட்டை, அதாவது துளை உருவாகும் ஆற்றல் மட்டம், சுமார் +1.5 வோல்ட்டில் இருக்கிறது. ஹைட்ராக்சைடு அயனியிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவே ஏறத்தாழ +1.9 வோல்ட் வேண்டும். நீர் மூலக்கூறிலிருந்து என்றால் இன்னும் அதிகம். ஆக, துளை நேரடியாக இந்த வேலையைச் செய்திருக்க வழியில்லை. அதற்காக உங்கள் நான்கு வரிகள் பொய் என்று ஆகிவிடாது. அவை எங்கிருந்து வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கருவி ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பார்க்கவே இல்லை. நீரில் அதன் ஆயுளும் போதாது, வரிகளும் அளக்க முடியாத அளவுக்கு அகன்றுவிடும். நீங்கள் பார்த்தது டிஎம்பிஓவும் ஓஎச் தொகுதியும் சேர்ந்த சேர்க்கைப் பொருளை. அதில் நைட்ரஜன் தரும் பிளவும் (வரிகளுக்கிடையே உண்டாகும் இடைவெளி) ஹைட்ரஜன் தரும் பிளவும் இரண்டுமே 14.9 காஸ் (காந்தப்புல அலகு). அதனால்தான் ஆறாக வர வேண்டிய வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நான்காகின்றன. இதே பொருள் வேறு வழிகளிலும் உருவாகும். டிஎம்பிஓவே எலக்ட்ரானை இழந்து, அதன்மேல் நீர் ஏறினாலும் இதுதான் கிடைக்கும். கரைசலில் இரும்பின் சுவடு இருந்தால் வெளிச்சமே இல்லாமலும் வரும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கருவி இருக்கும் கட்டிடத்துக்குப் போகும் அந்த நடையைத்தான். கார்பன் நைட்ரைடின் கடத்தல் பட்டை, அதாவது ஒளி பட்ட எலக்ட்ரான் ஏறும் மட்டம், ஆக்சிஜனைச் சூப்பர்ஆக்சைடாக்கத் தாராளமாகப் போதும். ஆனால் டிஎம்பிஓ சூப்பர்ஆக்சைடைப் பிடிப்பது, ஹைட்ராக்சிலைப் பிடிப்பதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு மெதுவாக நடக்கிறது. பிடித்தபின் கிடைக்கும் பொருளும் நடுநிலை நீரில் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதியாகிவிடும். சிதைவதில் ஒரு பகுதி அந்த நான்கு வரிப் பொருளாகவே மாறுகிறது. நீங்கள் படியிறங்கி அடுத்த கட்டிடம் போய்ச் சேர்வதற்குள் சூப்பர்ஆக்சைடின் தடயம் அழிந்திருக்கும். நிலைத்து நிற்கும் நான்கு வரிகள் மட்டும் மிஞ்சும்.

அதனால் விளக்கைக் கருவிக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான குழிவுகளில் (கருவியில் மாதிரி வைக்கும் அறை) ஒளி விழ ஒரு ஜன்னல் இருக்கும். ஒளியிழை வழியாக எல்இடியை அங்கே காட்டலாம். நீர் நுண்ணலையை உறிஞ்சும் என்பதால் சாதாரணக் குழாய் வேண்டாம், குவார்ட்ஸ் தட்டைக் கலமோ மெல்லிய நுண்குழாயோ போதும். ஒளி விழும்போதே பதிவு எடுங்கள். சூப்பர்ஆக்சைடுக்கு டிஎம்பிஓவை 100 மில்லிமோலார் வரை கூட்டலாம். கையில் பணம் இருந்தால் டெப்எம்பிஓ என்ற இன்னொரு பிடிப்பான் வாங்குங்கள். அதன் சூப்பர்ஆக்சைடு சேர்க்கை கால் மணி நேரம் அளவுக்குத் தாங்கும், ஹைட்ராக்சில் சேர்க்கையாக மாறி ஏமாற்றுவதும் இல்லை.

அடுத்தது எத்தனால் சோதனை. இதைச் செய்யாத கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கணக்கைப் பாருங்கள்: ஹைட்ராக்சில் ராடிக்கல் டிஎம்பிஓவோடு வினைபுரியும் வேக மாறிலி சுமார் 3×10⁹, எத்தனாலோடு 1.9×10⁹. 50 மில்லிமோலார் டிஎம்பிஓவுக்கு எதிரே 1 மோலார் எத்தனால் இருந்தால், உண்மையான ஹைட்ராக்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எத்தனாலிடம்தான் போக வேண்டும். நான்கு வரிகள் சரிந்து, அந்த இடத்தில் 15.8, 22.8 காஸ் பிளவுகளோடு ஆறு வரிகள் எழ வேண்டும். நான்கு வரிகள் அசையாமல் நின்றால், கரைசலில் திரியும் ஹைட்ராக்சில் அதற்குக் காரணமில்லை, அவ்வளவுதான்.

ஆறு வரிகள் வந்தாலும் அவசரப்பட வேண்டாம். துளையே எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்தும் அதே ஆறு வரிகளைத் தரலாம். எனவே எத்தனால் இல்லாத கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்துப் பாருங்கள். கூடவே கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸோடும் ஒரு முறை. கார்பன் நைட்ரைடு ஒளியில் ஹைட்ரஜன் பெராக்சைடு தரும் பொருள். உயிருள்ள நொதியில் மட்டும் நான்கு வரிகள் குறைந்தால், சூப்பர்ஆக்சைடிலிருந்து பெராக்சைடு, பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் என்ற பாதை வலுவாகிறது. பட்டை ஆற்றலுக்கும் இதற்கும் முரண்பாடே கிடையாது. சூப்பர்ஆக்சைடை அகற்றும் நொதியான சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் சேர்த்தால் சூப்பர்ஆக்சைடு வரிகள் மறைய வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

வெற்றுச் சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இருட்டில் ஒன்று, வினையூக்கி இல்லாமல் ஒன்று, டிஎம்பிஓ இல்லாமல் ஒன்று. கடைசியானதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார்பன் நைட்ரைடு தூளே ஜி மதிப்பு (வரி எங்கே விழும் என்பதைக் காட்டும் எண்) 2.003 அருகே ஒற்றை வரி தரும்; அது உங்கள் நிறமாலையின் நடுப்பகுதியில் வந்து விழும். டிஎம்பிஓ மஞ்சளாகியிருந்தால் செயலூட்டிய கரியில் கலக்கி வடிகட்டி, இருட்டில் நான்கு வரிகள் இல்லை என்று உறுதி செய்த பிறகே பயன்படுத்துங்கள். இரும்பைக் கட்டிப்போட டிடிபிஏ கொஞ்சம் சேர்க்கலாம்.

மதிப்பீட்டாளருக்கான பதிலில், ஒளி விழத் தொடங்கி எத்தனை நொடியில் பதிவு எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொரு நிறமாலைக்கும் எழுதுங்கள். எத்தனால் சோதனையில் நான்கு வரிகள் குறையவில்லை என்றால் ஹைட்ராக்சில் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிட்டு, சூப்பர்ஆக்சைடு உருவாகிறது என்று மட்டும் எழுதுங்கள்; கருவிக்குள்ளேயே எடுத்த நிறமாலையில் அது தெரிந்தால், அதுவே கட்டுரைக்குப் போதுமான முடிவு.