மலேசியச் சான்றிதழ் இருந்தும் சரக்கு நிற்கிறது

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி செய்கிறோம். மலேசியாவிலிருந்து ஆசியான் வரிச்சலுகையில் வால்வு இறக்குமதி செய்கிறோம். இந்த முறை கஸ்டம்ஸ் சரக்கை நிறுத்தி, வால்வு எப்படித் தயாரானது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எங்களிடம் கேட்கிறது. சப்ளையர் தொழில் ரகசியம் என்கிறார். பொருள் மலேசியாவில் தயாரானது என்ற அந்நாட்டுச் சான்றிதழ் கையில் இருக்கும்போது எங்களைக் கேட்கலாமா? முழு வரியையும் கட்டி எடுத்துவிடலாம் என்கிறார் கிளியரிங் ஏஜென்ட்.

பதில்: கேட்கலாம். 2020-ல் சுங்கச் சட்டத்தில் 28-டி.ஏ. பிரிவு சேர்ந்தது. சலுகையில் வரும் பொருள் எந்த நாட்டில் உருவானது என்று சரிபார்ப்பதற்கான ‘கரோட்டார்’ விதிகளும் அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. சான்றிதழைக் கொடுத்துவிட்டதாலேயே இறக்குமதியாளரின் பொறுப்பு தீராது என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

நான் சில ஆண்டுகள் தில்லியில் வணிகக் கொள்கைப் பணியில் இருந்தவன். மூன்றாம் நாட்டுச் சரக்கு ஆசியான் நாட்டில் பெட்டி மாறி இங்கே வருகிறது என்ற புகார் அங்கே ஓயாமல் வரும். புகார் கொடுத்தவர்களில் உங்கள் எஸ்டேட்டிலேயே வால்வு செய்கிறவரும் இருக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். கூடவே, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளுக்கும் தயாரான பொருளுக்கும் ஆறு இலக்க எச்.எஸ். கோடு (பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) மாறியிருக்க வேண்டும். 100 ரூபாய் வால்வில் சீனப் பித்தளையும் ரப்பர் வளையமும் 60 ரூபாய் என்றால் முதல் நிபந்தனை தேறும். 70 என்றால் தேறாது. வால்வு முழுதாகவே சீனாவிலிருந்து வந்து, மலேசியாவில் லேபிள் மட்டும் ஒட்டியிருந்தால் கோடு மாறியிருக்காது. சலுகையும் கிடைக்காது.

பதில் தர உங்களுக்கு 10 வேலைநாட்கள்தான். கடிதத்தின் தேதியை இப்போதே பாருங்கள். மூலப்பொருள் பட்டியல், ஒவ்வொன்றின் எச்.எஸ். கோடு, வந்த நாடு, செய்முறை: இவ்வளவையாவது சப்ளையரிடம் கேளுங்கள். விலை விவரத்தை உங்களிடம் காட்டத் தயங்கினால், தன் நாட்டு அதிகாரியிடம் கொடுக்கத் தயார் என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மெயிலோடு கையில் உள்ளதைக் கெடுவுக்குள் சமர்ப்பியுங்கள். அதிகாரி திருப்தியடையாவிட்டால் விசாரணை மலேசிய அதிகாரிகளுக்குப் போகும்.

அது முடியும்வரை சரக்கு துறைமுகத்தில் கிடந்து டிமரேஜ் (தாமத வாடகை) ஏற வேண்டியதில்லை. தற்காலிக மதிப்பீடு (இறுதி முடிவு வரும்வரை வரியைத் தற்காலிகமாகக் கணக்கிடுவது) கேட்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். வாயால் கேட்டது கோப்பில் ஏறாது. சலுகை வரிக்கும் முழு வரிக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பிணை கொடுத்தால் சரக்கு வெளியே வரும்.

ஏஜென்ட் சொல்லும் வழி சுலபம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று முழு வரி கட்டி நாளை ரீஃபண்ட் கேட்டால் நேராகக் கிடைத்துவிடாது. வரி மதிப்பீட்டை, அது நீங்களே கணக்கிட்டுக் காட்டிய சுயமதிப்பீடாக இருந்தாலும், முதலில் மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று 2019-ல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதிப்பீட்டை மாற்றக் கோரும் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். அதைவிட எனக்குக் கவலை உங்கள் பழைய இறக்குமதி பில்கள். சலுகை கோரிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுவரை அவற்றையும் சரிபார்க்கலாம். அப்புறம், இந்த உற்பத்தியாளரின் வால்வு தேறவில்லை என்று முடிவானால், அவரிடமிருந்து வரும் அதே வால்வுக்கு மறுவிசாரணை இல்லாமலே சலுகையை மறுக்கலாம்.

ஆகவே சப்ளையரிடம் பேசும்போது இந்த ஒரு சரக்கோடு நிறுத்தாதீர்கள். பழைய ஒவ்வொரு பில்லுக்கும் இதே விவரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.