சர்வர் ரூம் கேள்வி பதில்: ஊதாத பலூன்

கேள்வி: மேடம், எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி ஆபீஸ். 64 ஜிபி ரேம் உள்ள ஒரே சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஆறு விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறோம். விண்டோஸ் கணக்கு சர்வருக்கு 16, டேட்டாபேஸுக்கு 24, மெயில், ஃபைல், டெஸ்ட் மெஷின் இரண்டு, இவற்றுக்குத் தலா 8. எல்லாவற்றிலும் பலூனிங் (விஎம் பயன்படுத்தாத மெமரியைத் திருப்பி வாங்கும் வசதி) டிக் செய்திருக்கிறது. ஆனாலும் காலை 11 மணிக்கு மேல் எல்லாம் ஆமை வேகம். இந்த மாதம் இரண்டு தடவை டேட்டாபேஸ் விஎம் தானாக ஆஃப் ஆகிக் கிடந்தது, யாரும் தொடவில்லை. மெமரியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்களே, ரேம் வாங்கத்தான் வேண்டுமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: வாங்கத்தான் வேண்டும். ஆனால் பில் போடும் முன்னால் ஒரு விஷயம். உங்கள் பலூன் இதுவரை ஒரு தடவைகூட ஊதவில்லை.

டிக் பெட்டிக்குப் பக்கத்திலேயே 'மினிமம் மெமரி' என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். நீங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். தொடாவிட்டால் மேலே கொடுத்த மெமரி எவ்வளவோ அதே எண் அங்கேயும் உட்கார்ந்துகொள்ளும். 24 கொடுத்து, குறைந்தபட்சமும் 24 என்றால் ப்ராக்ஸ்மாக்ஸ் எதைக் குறைக்கும்? டிக் செய்ததற்குப் பலன், உள்ளே எவ்வளவு செலவாகிறது என்ற புள்ளிவிவரம் வெளியே தெரிவது மட்டும்தான். ஆறு பேருக்கு 72 ஜிபி வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் 64 வைத்துக்கொண்டு, திருப்பித் தரச் சொல்லி யாரையும் கேட்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் டேட்டாபேஸ் ஏன் செத்தது? ஹோஸ்ட்டின், அதாவது விஎம்-களைச் சுமக்கும் நிஜ சர்வரின், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில், அது நின்ற நேரத்துக்குப் பக்கத்தில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியைத் தேடுங்கள். அதிலேயே கேவிஎம் ப்ராசஸ் (ஹோஸ்ட்டின் கண்ணில் ஒவ்வொரு விஎம்-உம் இப்படி ஒரு ப்ராசஸ்தான்) ஒன்று கொல்லப்பட்டதாகவும் இருக்கும். மெமரி முழுசாகத் தீர்ந்தால் லினக்ஸ் ஒருவரைப் பலி கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றும், பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய ஆளைத்தான் பிடிக்கும். உங்கள் வீட்டில் பெரிய ஆள் டேட்டாபேஸ்.

விஎம்-கள் மெமரியைப் பிடித்துக்கொள்வது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. லினக்ஸ் கெஸ்ட் (விஎம்-க்குள் ஓடும் லினக்ஸ்), படித்த ஃபைலையெல்லாம் காலி ரேமில் சேர்த்து வைத்துக்கொள்ளும். விண்டோஸ் பூட் ஆகும்போதே முழு மெமரியிலும் பூஜ்யம் எழுதித் துடைக்கும், ஆகவே உள்ளே 5 ஜிபிதான் வேலை என்றாலும் ஹோஸ்ட் கணக்கில் 16-ம் போயாச்சு. ஆள் உட்காரவில்லை, ஆனால் சீட்டு முழுக்கத் துண்டு. பலூன் டிரைவர்தான் உள்ளே போய் அந்தத் துண்டுகளை எடுத்து இடத்தை ஹோஸ்ட்டிடம் திருப்பிக் கொடுக்கிற கண்டக்டர். லினக்ஸில் அந்த டிரைவர் கூடவே வரும். விண்டோஸில் விர்ட்ஐஓ டிரைவர் சிடியைப் போட்டு, பலூன் சர்வீஸையும் சேர்த்து நிறுவவேண்டும். அது இல்லாத விண்டோஸ் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது.

டிஸ்க்கில் இருப்பது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆம் என்றால் இன்னொரு தின்னி அங்கே இருக்கிறது. அதன் ஏஆர்சி என்ற கேஷ், பழைய ப்ராக்ஸ்மாக்ஸில் ஹோஸ்ட் ரேமில் பாதி வரை போகும், உங்களுக்கு 32 ஜிபி. கேட்டால் விட்டுக்கொடுக்கும், ஆனால் நிதானமாகத்தான். 8.1 முதல் புதிதாக நிறுவினால் 10 சதவீதம், அதுவும் 16 ஜிபிக்கு மேல் போகாது. பழசை அப்கிரேடு செய்தவர்களுக்கு அந்த வரம்பு தானாக வராது, கையால் எழுதவேண்டும். இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் கணக்கு. டேட்டாபேஸ் 24, விண்டோஸ் 16, இரண்டையும் நிலையாக வையுங்கள்: 40. இசட்எஃப்எஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஏஆர்சிக்கு 8 என்று வரம்பு, ஹோஸ்ட்டுக்கு 4. இதுவே 52 ஆயிற்று. இயல்பான அமைப்பில், ஹோஸ்ட்டின் ரேம் 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் பலூனை ஊத ஆரம்பிக்கும். 64-இல் 80 சதவீதம் 51.2. அதாவது மெயில், ஃபைல் இரண்டும் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இதைச் சமாளிக்கிற தானியங்கி எதுவும் கிடையாது. அது மெமரியை இடம் மாற்றும், உண்டாக்காது.

இன்றைக்குச் செலவில்லாமல் செய்யக்கூடியது: டெஸ்ட் மெஷின் இரண்டையும் அணையுங்கள். மெயிலுக்குக் குறைந்தபட்சம் 4, ஃபைலுக்கு 3 என்று போடுங்கள். 52-உம் 7-உம் 59. அந்த இரண்டும் குறைந்தபட்சத்திலேயே கிடக்கும், மெதுவாக இருக்கும், ஆனால் யாரும் சாகமாட்டார்கள். பிறகு ஸ்லாட் காலியாக இருந்தால், இருக்கிற அதே வகை ரேமில் இன்னும் 32 வாங்குங்கள். 96-இல் 80 சதவீதம் 76.8. 52 போக 24 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே மிதக்கும். நான்கு சின்ன விஎம்-களும் ஒரே நேரத்தில் முழு 32-ஐக் கேட்கும் நாள் அபூர்வம். டெஸ்ட்டுக்குத் தலா 2 என்று குறைந்தபட்சம் போட்டால் நான்குக்கும் சேர்த்து 11 போதும். 11-க்கும் 32-க்கும் நடுவே 24: பலூன் பிழைக்கிற இடம் இதுதான்.

டேட்டாபேஸை ஏன் நிலையாக வைக்கச் சொல்கிறேன் என்றால், சூடுபட்ட பூனை நான். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நான்தான் முதலில் பலூனிங் போட்டவள் என்று ஒரு மிதப்பு. ரிசல்ட் வருவதற்கு முந்தின வாரம் பிரின்சிபாலிடம் கிராஃபைக் காட்டி, "இனிமே மெமரிப் பிரச்சினையே வராது சார்" என்றேன். ரிசல்ட்டுக்கு முந்தின சாயங்காலம் மாணவர்கள் லேப் விஎம் ஒரு டஜனை ஓடவிட்டுப் போய்விட்டார்கள். ஹோஸ்ட் 80-ஐத் தாண்டியது. யாருக்கு எவ்வளவு மெமரி என்பதைத் தீர்மானிக்கும் 'ஷேர்ஸ்' என்ற எண் எல்லா விஎம்-க்கும் ஆரம்பத்தில் 1000. நான் மாற்றவில்லை. ஆக லேப் மெஷினும் ரிசல்ட் டேட்டாபேஸும் சரிசமம். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக டேட்டாபேஸிடமிருந்தும் பிடுங்கியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் தனக்கென்று 6 ஜிபி பஃபர் வைத்திருந்தது. பலூன் ஊதுகிறது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை, அது சுருங்கவும் இல்லை. கெஸ்ட் லினக்ஸ் அந்த பஃபரைத் தூக்கி ஸ்வாப்பில், அதாவது டிஸ்க்கில், போட்டுவிட்டது.

காலை 10 மணிக்குக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் டிஸ்க்கிலிருந்து இழுத்து வரவேண்டிய நிலை. கனெக்‌ஷன்கள் குவிந்து, 10:07-க்கு கெஸ்ட்டின் கெர்னல் மைஎஸ்கியூஎல்லைக் கொன்றது. விஎம் என்னமோ பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிரின்சிபால் காபி டம்ளரோடு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். விஎம்-ஏ ஆஃப் ஆகிக் கிடந்தால் கொன்றது ஹோஸ்ட். விஎம் ஓடுகிறது, உள்ளே சர்வீஸ் மட்டும் செத்திருக்கிறது என்றால் கொன்றது கெஸ்ட். தேடவேண்டிய லாகும் அதற்குத் தக்கபடி மாறும்.

கேள்வி: அக்கா, விஎம்-களை நிர்வகிக்கும் ஓவர்ட் என்ற மென்பொருள் பற்றிப் படிக்கும்போது மாம் என்று ஒன்று வருகிறது. அது எப்படி முடிவெடுக்கிறது? ப்ராஜெக்ட்டுக்கு வேண்டும். (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: மெமரி ஓவர்கமிட்மென்ட் மேனேஜர் என்பதன் சுருக்கம். ஐபிஎம்மில் இருந்த ஆடம் லிட்கே 2010 வாக்கில் பைத்தானில் எழுதியது. ஒரே பானையை வைத்துக்கொண்டு எல்லாத் தட்டையும் பார்த்துப் பரிமாறுகிறவள் என்பதால் பெயர் பொருத்தம்தான்.

மூன்று வேலை. ஹோஸ்ட்டிலும் ஒவ்வொரு கெஸ்ட்டிலும் எவ்வளவு காலி என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அளக்கும். அளந்ததை ஒரு கொள்கை ஃபைலில் கொடுத்துப் பார்க்கும். வந்த விடையை பலூனுக்கும் கேஎஸ்எம்முக்கும் (ஒரே மாதிரி மெமரிப் பக்கங்களை ஒன்றாக்கும் வசதி) உத்தரவாகக் கொடுக்கும். நீ ப்ராஜெக்ட்டில் நிற்கவேண்டிய இடம் அந்தக் கொள்கை ஃபைல். லிஸ்ப் மாதிரி அடைப்புக்குறிகளாக இருக்கும், பயப்படாதே. கூடவே வரும் பலூன் கொள்கையில், ஹோஸ்ட்டில் காலி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நெருக்கடி என்று அர்த்தம். நெருக்கடி வந்தாலும் ஒரு சுற்றில் ஒரு கெஸ்ட்டிடம் 5 சதவீதத்துக்கு மேல் மாற்றாது. கெஸ்ட்டுக்குள் கொஞ்சம் காலி எப்போதும் மிஞ்சும்படி கீழ்வரம்பும் உண்டு. இன்னொன்று, அந்தந்த நொடியின் அளவை நம்பாமல் கடைசிச் சில அளவுகளின் சராசரியை எடுக்கிறது. இல்லாவிட்டால் பேக்கப் ஓடும் அரை நிமிடத்துக்கெல்லாம் பதறி, ஊதி, திரும்ப இறக்கி, எல்லா விஎம்-ஐயும் ஆட்டிவைக்கும். அந்த 5 சதவீதத்தை 30 ஆக்கி ஓட்டி, கிராஃப் எடுத்துப் பார். ப்ராஜெக்ட்டுக்கு அதுவே போதும்.

கேள்வி: கேஎஸ்எம் போட்டால் ரேம் மிச்சமாகும் என்கிறார்கள். நான் பல வாடிக்கையாளர்களுக்கு விஎம் வாடகைக்கு விடுகிறேன். போடலாமா? (ஒரு வாசகர், கோலாலம்பூர்)

பதில்: வேண்டாம் சார். கேஎஸ்எம் லினக்ஸ் 2.6.32-இல், 2009-இல் வந்தது. விஎம்-களின் மெமரியை 4 கேபி பக்கம் பக்கமாகப் படித்து, ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கிவிடும். பத்து விண்டோஸும் ஒரே பதிப்பு என்றால் நல்ல லாபம். ஆனால் ஒன்றாக்கிய பக்கத்தில் எழுதப் போனால் முதலில் தனிப் பிரதி எடுக்கவேண்டும், அதற்குச் சில நொடித் துணுக்குகள் கூடுதலாகப் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்தே, பக்கத்து விஎம்-இல் இன்ன பக்கம் இருக்கிறது என்று ஊகிக்க முடியும். இந்த மாதிரிக் கவலையால்தான் விஎம்வேர் 2014-இல் விஎம்-களுக்கு நடுவே பக்கம் பகிர்வதை இயல்பாகவே அணைத்துவிட்டது. உங்கள் ஆபீஸுக்குள் எல்லாம் உங்கள் விஎம்-ஆக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே ஹோஸ்ட்டில் வைத்துவிட்டு அவர்கள் பக்கங்களை ஒட்டவைக்காதீர்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஒரு விஎம் எப்போதும் 94%, சிவப்பு. அலர்ட் வந்து வந்து போனையே சைலன்ட்டில் போட்டுவிட்டேன். (ஒரு வாசகர், சேலம்)

பதில்: போனைச் சைலன்ட்டில் போட வைக்கும் அலர்ட்டைவிட அலர்ட்டே இல்லாதது மேல். லினக்ஸ் கெஸ்ட் என்றால் உள்ளே போய் 'ஃப்ரீ' கட்டளையைப் போட்டு, 'ஃப்ரீ' பத்தியை விட்டுவிட்டு 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். அதில் தாராளமாக இருந்தால் அந்த 94-இல் பெரும்பங்கு ஃபைல் கேஷ்தான், ஆபத்தில்லை. சதவீத அலர்ட்டை எடுத்துவிட்டு அழுத்தத்துக்கு வையுங்கள். லினக்ஸ் 4.20 முதல் கெர்னலே 'ப்ரெஷர்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மெமரிக்காகக் காத்திருந்தே வேலைகள் எத்தனை சதவீத நேரத்தை வீணாக்கின என்பதை 10, 60, 300 நொடிச் சராசரியாகச் சொல்லும். 60 நொடி எண் பூஜ்யத்திலேயே கிடந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அது ஏறி இறங்காமல் நின்றால் மட்டும் போன் அடிக்கட்டும். ஹோஸ்ட்டிலும் இதையே வையுங்கள்.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாகக் கொடுத்த விஎம்-இல் பலூன் வேலை செய்யவில்லையே? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: செய்யாது. கார்டு விஎம்-இன் மெமரியை நேரடியாகப் படிக்கும், எழுதும் என்பதால் அந்த மெமரி முழுவதையும் ஆரம்பத்திலேயே ஆணியடித்து நிறுத்திவிடுவார்கள். அந்த விஎம்-இல் பலூனை எடுத்துவிடுங்கள். கொடுத்த ஜிபி மொத்தமும் போயாச்சு என்றே கணக்கில் எழுதுங்கள்.