15 வயது ஹாக்கி பையன் இந்தியாவுக்கு ஆடுவானா என்பதை எப்படிக் கணிப்பது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. சென்னையில் ஒரு கிளப்புக்கு சென்டர் ஃபார்வர்ட் ஆடுகிறான். போன சீசனில் நிறைய கோல் அடித்தான். "இவன் கண்டிப்பா இந்தியாவுக்கு ஆடுவான், பிளஸ் ஒன் படிப்பை எல்லாம் ரொம்பக் கண்டுக்காதீங்க" என்கிறார் கோச். இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ஹாக்கியை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா?

பதில்:

முதலில் கோல் கணக்கை ஓரமாக வையுங்கள். அந்த வயதில் சென்டர் ஃபார்வர்ட் அடிக்கும் கோல்களில் பெரும்பகுதி எதிர் டீம் டிஃபென்ஸின் கைங்கரியம். முதல் டிஃபெண்டரை ஏமாற்றிவிட்டால் பின்னால் ஆளே இருக்காது. 19 வயது மட்டத்துக்குப் போனதும் அங்கே இரண்டாவது டிஃபெண்டர் நிற்பான். நாலு பேரை டாட்ஜ் பண்ணிப் பேர் வாங்கிய பையன்கள் பலர் அந்த இரண்டாவது ஆளிடம்தான் சிக்கி நிற்கிறார்கள்.

பார்க்க வேண்டியது, பந்து வருவதற்கு முந்தைய இரண்டு விநாடி. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறானா? பந்து வரும்போது உடம்பு பக்கவாட்டில் திறந்து நிற்கிறதா, இல்லை பாஸ் கொடுப்பவனையே முறைத்துக்கொண்டு நிற்கிறதா? முதல் டச்சிலேயே பந்தை அடுத்து போக வேண்டிய திசைக்கு நகர்த்துகிறானா, நிறுத்திவிட்டு அப்புறம் யோசிக்கிறானா? நிறுத்தி யோசிப்பவனுக்கு ஸ்கூல் மேட்சில் நேரம் கிடைக்கும். நல்ல டீமுக்கு எதிராகக் கிடைக்காது.

இதை நீங்களே அளக்கலாம். மூன்று முழு மேட்சை கேலரி உயரத்திலிருந்து, நடுக்கோட்டுக்கு நேராக நின்று, செல்போனில் எடுங்கள். கோல் போஸ்ட் பக்கம் நின்று எடுத்தால் பந்துதான் தெரியும், அவன் நிற்கும் இடம் தெரியாது. அப்புறம் நோட்டு போட்டு அவனுக்கு வரும் ஒவ்வொரு பந்துக்கும் நாலு விஷயம் குறியுங்கள்: வருவதற்கு முன் தலை திரும்பியதா, டிராப், அதாவது வரும் பந்தை ஸ்டிக்கால் நிறுத்துவது, சுத்தமாக இருந்ததா (பந்து ஸ்டிக் எட்டும் தூரத்துக்குள் நின்றதா), அடுத்த செயல் முன்னேறியதா பின்வாங்கியதா, பந்தை இழந்தால் அடுத்த ஐந்து விநாடியில் என்ன செய்தான். கடைசிக் கேள்விக்குப் பதில் "இடுப்பில் கை வைத்து நின்றான்" என்றால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தாலும் கவலைப்படுங்கள். இன்றைய ஹாக்கியில் ஃபார்வர்டுதான் முதல் டிஃபெண்டர்.

பலமான டீமுக்கு எதிரான மேட்சைத் தனியாக எண்ணுங்கள். சராசரி எடுத்தால் ஏமாந்து போவீர்கள். 15 வயதில், சுமாரான எதிரணிக்கு எதிராகப் பத்தில் ஒன்பது டிராப்பும், பலமான எதிரணிக்கு எதிராகப் பத்தில் ஏழுக்குக் குறையாமலும் சுத்தமாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்பது என் அளவுகோல். இது சட்டம் இல்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறைகிறதா என்பதுதான் விஷயம்.

எந்தத் தரையில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மண் கிரவுண்டில் வளர்ந்த பையன் நிமிர்ந்து நின்று பந்தை நிறுத்தப் பழகியிருப்பான், பந்து துள்ளும் என்ற பயத்தில். எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் மாதிரி நனைத்த டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) பந்து தாழ்ந்து, வேகமாக வரும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். மண்ணில் ராஜாவாக இருந்தவன் டர்ஃபில் முதல் மூன்று மாதம் தடுமாறுவது சகஜம். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் தடுமாறினால்தான் பேச வேண்டும்.

அடுத்தது பிறந்த மாதம். ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு கணக்கிடும் இடங்களில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்த பையன்கள் ஜூனியர் அணிகளில் அளவுக்கு மீறி இருப்பதை 1980-களிலேயே கவனித்தார்கள். சின்ன வயதில் உடம்பு பெரிதாக இருப்பவனைத் தேர்வாளர் எடுக்கிறார், அவனுக்கே நல்ல பயிற்சியும் கிடைக்கிறது, அந்த வித்தியாசம் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. உங்கள் பையன் ஆண்டுக் கடைசியில் பிறந்து, சின்ன உடம்போடு இந்த அளவு ஆடினால் அவன் மதிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். ஜனவரியில் பிறந்து, வேகத்தாலும் உயரத்தாலும் மட்டும் ஜெயிக்கிறான் என்றால் குறைத்துப் போடுங்கள். (எதிரணியில் முழு மீசையோடு "அண்டர் 16" ஆடுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரில் குறித்து வையுங்கள். பையன்களுக்குப் பொதுவாக 13, 14 வயதை ஒட்டி வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும், சிலருக்கு 15-இல்கூட. அந்தச் சமயத்தில் கால் நீண்டுவிடும், மூளைக்குப் பழைய அளவே ஞாபகம் இருக்கும். டிராப் கெடும், ஓட்டம் தடுமாறும். அந்த ஆறேழு மாத ஆட்டத்தை வைத்து "பையன் சரிஞ்சுட்டான்" என்று பேசுவது அபத்தம். ஸ்டிக் அளவையும் அப்போது பாருங்கள். 36.5 அங்குலத்திலிருந்து 37.5-க்கு மாற வேண்டியவன் பழையதையே வைத்துக் குனிந்து ஆடினால் முதுகு பிடிக்கும்.

டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கோடு தரையில் இழுத்து வந்து வீசும் ஷாட்) பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். பெனால்டி கார்னரில் (எதிரணி செய்த தவறுக்காக கோல் அருகே கிடைக்கும் வாய்ப்பில்) நேராக அடிக்கும் முதல் ஹிட் கோலின் அடியில் உள்ள 46 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கு மேல் போகக் கூடாது, ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ஃபிளிக்கருக்கு எப்போதும் கிராக்கி. அதற்காக வளர்ந்துகொண்டிருக்கும் பையனை ஒரு மாலையில் நூறு ஃபிளிக் போட வைக்கும் கோச்கள் இருக்கிறார்கள். குனிந்து, திருகி, ஒரே பக்கமாக இழுக்கும் அந்த அசைவு கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு வரை கொண்டுபோகும். இந்த வயதில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இருபது இருபத்தைந்து போதும். பின்னால் வளைந்தால் முதுகின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும், ஸ்ப்ரே அடித்துவிட்டு ஆடக் கூடாது. லோ-போ ஸ்டிக்கும் (வளைவு அடிப்பக்கம் தள்ளி இருக்கும் ஸ்டிக்) வேண்டாம். ஃபிளிக்குக்கு உதவும், ஆனால் அடிக்கும் பந்து எழும்பும், டிராப் பழக்கம் கெடும்.

ஃபிட்னஸுக்கு யோ-யோ டெஸ்ட் போதும்: 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி ஓய்வு, ஓட வேண்டிய வேகத்தைச் சொல்லும் பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும். முதல் நிலை டெஸ்டில் 17.1 என்ற கட்டத்தை எட்டினால் மொத்தம் 1,440 மீட்டர். 15 வயதில் அங்கே வந்தால் நல்லது. சீனியர் இந்திய கேம்பில் 20-க்கு மேல் போவது சாதாரணம். மே மாதம் மதியம் நாலு மணிக்கு ஓட வைத்து வந்த எண்ணை நம்பாதீர்கள், அது சென்னை வெயிலுக்குப் போட்ட மார்க். காலை ஆறு மணிக்கு, அதே டர்ஃபில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

கோல்கீப்பர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் தாமதமாகத்தான் முதிர்வார்கள். இந்திய அணியின் கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷ் கேரளாவில் விளையாட்டுப் பள்ளிக்குத் தடகளக்காரராகப் போய், அங்கேதான் கீப்பர் ஆனார். 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார்.

இப்போது பிழைப்புக்கு வருவோம். ஹாக்கி இந்தியா லீக்கைக் காட்டி ஆசை காட்டுவார்கள். 2024 அக்டோபர் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனது உண்மை. அதே ஏலத்தில் அடிப்படை விலை 2, 5, 10 லட்சம் என்று மூன்று அடுக்கு. அந்த சீசனில் ஆண்களில் 8 அணி, அணிக்கு 24 பேர், அதில் இந்தியர் 16 என்று கணக்கிட்டால் நாடு முழுக்க 128 இடம். அணிக்கு 4 ஜூனியர் கட்டாயம் என்று அப்போது இருந்தது உங்கள் பையன் வயதுக்காரர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அது சில வாரச் சம்பளம். வருஷம் பூராவும் சோறு போடுவது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். ரயில்வே, வங்கி, வருமான வரி, சுங்கம், ஏஜிஸ் ஆபீஸ் (மாநிலக் கணக்காயர் அலுவலகம்), போலீஸ், ராணுவம், எண்ணெய் நிறுவனங்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது.

ஆகவே "இந்தியாவுக்கு ஆடுவானா?" என்பதை விட, "23 வயதுக்குள் ஒரு டிபார்ட்மென்ட் டீம் இவனை எடுக்குமா?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இங்கேதான் கோச் சொன்ன படிப்பு யோசனை ஆபத்தாகிறது. ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா திறந்த தேர்வுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. சம்பள அடுக்கில் லெவல் 1-க்குப் பத்தாவது, லெவல் 2, 3-க்குப் பன்னிரண்டாவது, லெவல் 4, 5-க்கு டிகிரி. ஒரே ஆட்டம் ஆடும் இரண்டு பேரில் டிகிரி முடித்தவன் மேலே உட்காருவான், பத்தாவதோடு நின்றவன் தண்டவாளம் பராமரிக்கும் ட்ராக்மேன் மாதிரி வேலையில் சேருவான். காயம்பட்டு ஆட்டம் நின்ற பிறகும் அந்த வித்தியாசம் ரிட்டயர் ஆகும் வரை தொடரும். பிளஸ் ஒன்னை விடச் சொல்லும் கோச்சிடம் இதைக் கேளுங்கள்.

சர்டிபிகேட்டும் அப்படித்தான். மத்திய அரசு வேலைக்கு ஃபார்ம் 1 சர்வதேசப் போட்டி, ஃபார்ம் 2 தேசியப் போட்டி, ஃபார்ம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையே, ஃபார்ம் 4 தேசியப் பள்ளி விளையாட்டு. தனியார் நடத்தும் டோர்னமென்ட் கோப்பை அலமாரிக்கு அழகு, விண்ணப்பத்துக்கு உதவாது. பல பதவிகளுக்கு ஆடினால் மட்டும் போதாது, அணி பிடித்த இடத்தையும் பார்ப்பார்கள். எனவே அடுத்த இரண்டு வருடத்துக்குள் அவன் தமிழ்நாடு சப்-ஜூனியர் அல்லது பள்ளி மாநில அணியின் 18 பேரில் வர வேண்டும். வராவிட்டால் கதை முடியாது, பல்கலைக்கழக அணி என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்கும் கல்லூரிக்குள் போக வேண்டும், அதாவது பிளஸ் டூ.

சென்னையிலேயே இருக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் தங்கத்துக்குக் கேப்டனாக இருந்த பாஸ்கரன் சென்னையில் ஆடியவர். ஆனால் அண்மைக் காலத்தில் இந்திய அணிக்குப் போன கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கோவில்பட்டியில் தமிழக அரசின் விளையாட்டு ஆணைய விடுதியில் காலையும் மாலையும் தன்னை விட நல்ல பையன்களோடு மோத வேண்டியிருக்கும். சென்னையில் டிராஃபிக்கைத் தாண்டி எழும்பூர் வந்து சேர்வதற்குள் பாதிப் பயிற்சி போய்விடும். விடுதித் தேர்வுக்கு ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். எடுக்காவிட்டாலும், எந்த நிலையில் கழித்தார்கள் என்பதே உங்களுக்கு ஒரு இலவச மதிப்பீடு.

உங்கள் கோச்சிடம் மூன்று கேள்வி கேளுங்கள், கோபப்படாமல். கடந்த ஐந்து வருடத்தில் உங்களிடமிருந்து மாநில அணிக்குப் போனவர்கள் யார், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? இவன் 20 வயதில் எந்த பொசிஷனில் ஆடுவான்? இவனிடம் இப்போது இல்லாத மூன்று விஷயம் என்ன? மூன்றாவதற்குச் சட்டென்று பதில் வந்தால் அவர் பையனைக் கவனிக்கிறார். "எல்லாமே இருக்கு சார்" என்றால் அவர் உங்கள் ஃபீஸைக் கவனிக்கிறார்.

ஒன்றரை வருடம் இப்படிக் குறித்துப் பார்த்தும் பலமான டீமுக்கு எதிரான எண் நகரவில்லை என்றால், விடுவதற்கு முன் ஒரு சீசன் பின்னால் இறக்கி ஹாஃப் அல்லது ஃபுல் பேக் ஆட வையுங்கள். ஹாக்கியில் இடது கை ஸ்டிக் கிடையாது, அதனால் எதிரியை அவனுடைய ரிவர்ஸ் (இடது) பக்கம் ஒதுக்கித் தள்ளும் டிஃபெண்டருக்கு எப்போதும் வேலை உண்டு. ஃபார்வர்டாக வளர்ந்த பையனுக்கு எதிர் ஃபார்வர்ட் எங்கே திரும்புவான் என்பது முன்கூட்டியே தெரியும். டிபார்ட்மென்ட் டீம்களில் நல்ல ஃபார்வர்டுகள் வரிசையில் நிற்கிறார்கள், நிதானமான பேக்குகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.