‘ஏரிப் புறம்போக்கு’ என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலமா? வாங்கலாமா?

இல்லை, வாங்கவும் கூடாது. ‘புறம்’ என்றால் வெளியே. தீர்வை, அதாவது நிலவரிக் கணக்குக்கு வெளியே, பொதுப் பயனுக்காக ஒதுக்கிய நிலம் என்பதே பொருள். ஆங்கிலேயர் கால வருவாய்த்துறையும் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. வேலூர்ப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தைப் பாருங்கள்: ‘ஏரிப் புறம்போக்குக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு’ என்ற தோரணையில் இருக்கும். பாலாறு, ஏரி, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு எல்லாம் இதில் அடக்கம். ஊருக்கே உதவும் நிலத்தின் பெயர், உதவாக்கரைகளைத் திட்டும் சொல்லானது அநியாயம்தான்!

நத்தம் வேறு, அது குடியிருப்புக்கானது, பட்டா பெற வழியுண்டு. நீர்நிலைப் புறம்போக்கில் வீடு கட்டி வரி செலுத்தினாலும் உரிமை வராது. ‘பட்டா பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சர்வே எண்ணைக் கொடுத்து வருவாய்த்துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகை தெரிந்துவிடும்.