குழு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "என் பங்களிப்பு" பகுதியை எப்படி எழுதுவது? கிட்ஹப்பில் என் கமிட் எண்ணிக்கை குறைவாகக் காட்டுகிறது

முதலில் கமிட் (கோடில் செய்து பதிவிட்ட மாற்றம்) எண்ணிக்கையைச் சரிபாருங்கள். 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையை எஸ், என், இ ஆப்ஷன்களோடு ஓட்டினால் ஒவ்வொருவரின் கமிட்டும் மின்னஞ்சல் வாரியாக வரும். லேப் கணினியில் ஒரு மின்னஞ்சல், சொந்த லேப்டாப்பில் வேறொன்று என்றிருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். விடுபட்ட மின்னஞ்சலை கிட்ஹப் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்திருந்தால் பத்து கமிட்டும் ஒன்றாகியிருக்கும். அப்போது புல் ரிக்வெஸ்ட்தான் (உங்கள் மாற்றத்தை முக்கியக் கோடில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) சான்று.

எத்தனை வரி கோடு எழுதினீர்கள் என்ற கணக்கை நம்பவே வேண்டாம். பேக்கேஜ்களை நிறுவும் ஒரு 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை போதும், தானாக உருவாகும் லாக் ஃபைலில் ஆயிரக்கணக்கான வரிகள் ஏறிவிடும்.

எழுத இரண்டு மூன்று புல் ரிக்வெஸ்ட் போதும். "லாகின் செய்தேன்" என்று நிறுத்தாதீர்கள். "டோக்கன் காலாவதியானதும் பயனர் வெளியே தள்ளப்பட்டார், ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனோடு இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் போனதே காரணம், முதலாவது முடியும்வரை அடுத்ததைக் காக்க வைத்தேன்" என்று எழுதினால்தான் யோசித்தது நீங்கள் என்பது புரியும். மற்றவர் கோடில் ரிவ்யூவில் பிடித்த பிழை கமிட்டில் வராது. அந்தக் கமென்ட்டின் லிங்கைக் கொடுங்கள். சேர்ந்து எழுதிய கோடு என்றால் கூட இருந்தவர் பெயரையும் போடுங்கள். இனிமேல் அப்படி எழுதும்போது கமிட் மெசேஜின் கடைசியில் 'கோ-ஆத்தர்ட்-பை' வரியைச் சேருங்கள், இருவர் கணக்கிலும் பதிவாகும்.