அறை எண் 108-ம் ஆம்புலன்ஸ் 108-ம்: அலுவலகத் தொலைபேசி கேள்வி-பதில்

கும்பகோணத்தில் 40 அறைகள் உள்ள லாட்ஜ் நடத்துகிறோம். அறை எண்தான் இன்டர்காம் எண். வெளியே பேச 0 அழுத்த வேண்டும். அவசர எண்களுக்காகத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா சார்?

கட்டாயம் செய்ய வேண்டும். முதல் மாடியில் 101 முதல் 112 வரை அறைகள் இருக்கும் அல்லவா? உங்களிடம் தங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழுத்தினால் எங்கே மணி அடிக்கும்? அறை எண் 108-ல்! தீப்பிடித்து 101-ஐ அழுத்தினால் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து "யாருங்க?" என்பார். எல்லா அவசரத்துக்கும் பொதுவான 112-க்கும் இதே கதிதான். நான் பார்த்த லாட்ஜ்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கதவில் உள்ள எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

அறை எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேருங்கள். 108-ம் அறை 5108 ஆகட்டும். அப்புறம் 112, 108, 100, 101 நான்கும் 0 அழுத்தாமலேயே நேராக வெளி லைனுக்குப் போகும்படி ப்ரோக்ராம் செய்யச் சொல்லுங்கள். பழகிப்போனவர் 0 சேர்த்து அழுத்தினாலும் போக வேண்டும். எஸ்டிடி பூட்டு, அதாவது வெளியூர் அழைப்புத் தடை, போட்ட அறையிலிருந்தும் போக வேண்டும், இதைத்தான் டெக்னீஷியன்கள் மறந்துவிடுவார்கள். அழைப்பு எந்த அறையிலிருந்து போனது என்று அதே நேரத்தில் ரிசப்ஷனில் தெரிந்தால், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது நீங்கள் விழிக்க வேண்டியிருக்காது.

இதன் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், மோட்டல் அறை ஒன்றில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அறைத் தொலைபேசியில் அந்த நாட்டு அவசர எண்ணான 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவே இல்லை. வெளி லைனுக்கு முதலில் இன்னொரு 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? கேரி இறந்துபோனார். அவர் பெயரிலேயே 2018-ல் அங்கே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு விற்கப்படும், பொருத்தப்படும் பல லைன் தொலைபேசி அமைப்புகளில் 911 நேராகப் போயே தீர வேண்டும், ரிசப்ஷன் போன்ற இடத்துக்கும் தகவல் போக வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டம் கும்பகோணத்துக்குப் பொருந்தாது. அந்தக் குழந்தையின் நிலைமை பொருந்தும்.

இணையத்தில் மலிவாக ஒரு இபிஏபிஎக்ஸ் (இன்டர்காமையும் வெளி லைனையும் இணைக்கும் பெட்டி) பார்த்தேன். சிஇ, எஃப்சிசி முத்திரைகள் இரண்டும் இருக்கின்றன. போதாதா?

போதாது. ஒன்று ஐரோப்பாவுக்கு, மற்றது அமெரிக்காவுக்கு. இங்கே தொலைபேசி லைனில் இணைக்கும் கருவிகளுக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டிஇசி-யின் கட்டாயச் சோதனைச் சான்று, அதாவது எம்டிசிடிஇ, வேண்டும். 2019 அக்டோபர் 1-ல் தொடங்கிய முதல் கட்டத்திலேயே பிஏபிஎக்ஸ், அதாவது இதே பெட்டி, அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. சான்றை வாங்க வேண்டியவர் தயாரிப்பாளரோ இறக்குமதி செய்பவரோதான், நீங்கள் அல்ல. கொட்டேஷனோடு சான்றின் நகலையும் கேளுங்கள். அதிலுள்ள மாடல் எண் பெட்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, ஐந்தாண்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். கம்பியில்லாக் கருவி என்றால் அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூபிசி-யின் இடிஏ என்ற அனுமதியும் தனியாக வேண்டும்.

அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு எண் இருக்க வேண்டும். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் எண் அது. பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். எனக்குக் கவலை தருவது பெரிய பெட்டியைவிட இந்த அடாப்டர்தான். முதல் அடாப்டர் போனதும் பஜாரில் கிடைக்கும் எடை இல்லாத ஒன்றை வாங்கிச் செருகி, கோப்புகளுக்கு நடுவில் வருடக்கணக்கில் சூடாக விட்டுவைக்கிறோம்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து நல்ல கார்ட்லெஸ் போன் கொண்டு வந்தார். கடையில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அங்கே டெக்ட் 6.0 என்று விற்பவை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே 1920 முதல் 1980 வரை செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசை. உங்கள் கடையிலிருந்து கிளம்பும் இரைச்சல் அக்கம்பக்கத்துச் செல்போன் சிக்னலைக் கெடுக்கும், தொலைபேசி நிறுவனம் தேடி வரும். அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருந்தால் அவர்கள் வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடும்.

எஸ்டேட்டில் அலுவலகம் ஒரு கட்டடம், தொழிற்சாலை இன்னொன்று. இடையே 300 மீட்டர் தொலைபேசி கேபிள். ஒவ்வொரு ஐப்பசியிலும் இடி இடித்தால் இபிஏபிஎக்ஸில் உள் லைன்கள் சேரும் எக்ஸ்டென்ஷன் கார்டு போய்விடுகிறது. அலுவலகத்தில் நல்ல எர்த் இருக்கிறது, ஸ்டெபிலைசரும் உண்டு.

ஸ்டெபிலைசர் கரண்ட் வழியைத்தான் பார்த்துக்கொள்ளும். உங்கள் எதிரி வருவது தொலைபேசிக் கம்பி ஜோடி வழியாக. சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி, இவ்வளவுக்குத்தான் அந்தக் கார்டு தயார். மின்னல் உங்கள் கட்டடத்தில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே அந்த இடத்து மண்ணின் வோல்ட்டேஜ் எகிறும். தொழிற்சாலை எர்த்துக்கும் அலுவலக எர்த்துக்கும் அந்த நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். இரண்டையும் இணைப்பது உங்கள் கேபிள். அந்த வித்தியாசம் அதன் வழியாகத்தான் பாயும்.

கேபிளின் இரண்டு முனைகளிலும், கம்பிகளைச் செருகி இணைக்கும் க்ரோன் மாட்யூலிலேயே, வாயு நிரப்பிய பாதுகாப்புக் குழாய்களை, அதாவது ஜிடிடி-யைப் போடுங்கள். ஒரு முனையில் மட்டும் போட்டால் பாதி வேலைதான். எர்த் கம்பி நேராகவும் குட்டையாகவும் போகட்டும். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சுருளே மின்னலைத் தடுத்துக் கார்டு பக்கம் திருப்பிவிடும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் வறண்டிருக்கும். மழைக்கு முன் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, கருவியின் கையேடு கேட்கும் ஓம் அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லில் எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து போனேன். தண்ணீர்க் குழாயில் நன்றாகச் சுற்றியிருந்தார்கள். குழாய் பிவிசி.

இன்னொன்று. எர்த் இல்லாத இடத்தில் ப்ளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடும் ஆட்கள் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் இபிஏபிஎக்ஸ் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். அதைப் பார்த்தால் அன்றே கழற்றச் சொல்லுங்கள்.

செலவுக்குத் தயார் என்றால் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஃபைபர் போட்டுவிடுங்கள். கண்ணாடியில் மின்சாரம் போகாது. ஆனால் இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் கேபிளை வாங்கினால் அந்தக் கவசத்தில் போகும், கவனம்.

தீபாவளித் தள்ளுபடியைச் சொல்லக் கடையின் எஸ்ஐபி (இணையம் வழிப் பேசும்) லைனிலிருந்து பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிடுகிறோம். லைனையே வெட்டிவிடுவார்கள் என்கிறாரே நண்பர்?

உண்மைதான். பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்பவரின் எஸ்ஐபி, பிஆர்ஐ (ஒரே இணைப்பில் பல அழைப்புகள் போகும் லைன்) உட்பட எல்லா லைன்களையும் இரண்டு ஆண்டு வரை துண்டிக்க வேண்டும், கருப்புப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. ஒரு நிறுவனம் வெட்டினால் மற்றவர்களும் தர மாட்டார்கள். முறையாகப் பதிவு செய்து 140-ல் தொடங்கும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு பெட்டியை வைக்க இடமும் இணையமும் கொடுத்தால் மாதம் நல்ல வாடகை தருகிறேன் என்கிறார் ஒருவர். நிறைய சிம் போடும் பெட்டியாம்.

வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் அழைப்பு போலக் காட்டும் சிம் பாக்ஸ் அது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பு வலையமைப்பு நடத்தினால் 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். போலீஸ் முதலில் வருவது அந்த இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

எல்லாவற்றையும் ஐபி போனாக மாற்றிவிட்டோம். கரண்ட் போனால் லிஃப்ட் போன் வேலை செய்யுமா?

இபிஏபிஎக்ஸுக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்திருந்தால் செய்யாது. பழைய சாதா போன் தாமிரக் கம்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொண்டது. ஐபி போனுக்கு நடுவிலிருக்கும் நெட்வொர்க் சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு, லிஃப்டைத் தரைத்தளத்தில் கதவு திறந்து நிறுத்தி, உள்ளேயிருந்து ஒருவரைப் பேசச் சொல்லிப் பாருங்கள்.